விற்கும் வீட்டில் ஏற்றிய விளக்கு

அன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணி இருக்கும். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒன்பதாவது மாடி வீடொன்றின் சமையலறையில் நின்று, எனக்குச் சொந்தமில்லாத ஒரு காமாட்சி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கின் குழியில் பழைய எண்ணெய் பிசின் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. திரி இருந்த இடத்தில் ஒரு கரித்துணுக்கு. சன்னலுக்குக் கீழே பாலத்தைப் பார்த்து வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வாரக் கடைசிக்கு எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போகிற கூட்டம்.

விரலில் புளி நெடி. தேய்க்கத் தேய்க்க அம்மன் முகம் தெரிந்தது. ஆறு மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறார்கள். அதற்குள் விளக்கு எரிய வேண்டும்.

சாமி மேடையை மட்டும் தொடாதீர்கள் என்று வீட்டுக்காரப் பெண் என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தது போல ஆகிவிடும்.

பையில் ஒரு பல்பு

என் படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளி இறுதிப் பரீட்சையில் நாலு பாடம் தேறினால்தான் வீட்டு ஏஜெண்ட் பரீட்சைக்கே உட்கார விடுவார்கள். நான் சரியாக நாலு பாடம் தேறியவள். ஐந்தாவதைக் கேட்காதீர்கள்.

தேக்கா பக்கத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் எனக்குக் கோயில் சிநேகிதி. விவாகரத்தாகி வீட்டை விற்கிற நம் ஆட்கள் வந்தால், "கமலாக்காகிட்ட போங்க, வாயைத் திறக்க மாட்டாங்க" என்று அனுப்பிவைப்பாள். அப்படித்தான் இந்த வகை வீடுகள் என் கைக்கு வர ஆரம்பித்தன. சந்தோஷமாக விற்கிறவர்கள் வேறு ஏஜெண்டுகளிடம் போனார்கள்.

எனக்கென்று சில பழக்கங்கள் வைத்திருந்தேன். ஏன் பிரிகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். இருவருக்கும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில்தான் அனுப்புவேன். அந்த வீட்டில் தேநீர் குடிக்க மாட்டேன். ஒருவர் போட்ட தேநீரைக் குடித்துவிட்டால் மற்றவர் கணக்கில் நான் அந்தப் பக்கத்து ஆள். அதனால் தண்ணீர்ப் புட்டியும் என்னோடே வரும்.

பையில் அளவு நாடா, துடைப்பதற்குத் துணி, ஒரு பல்பு. பல்பு எதற்கென்றால், பிரிகிற வீட்டில் எரிந்துபோன விளக்கை யாரும் மாற்றுவதில்லை. அது யார் வேலை என்பது அவர்களுக்கே தெரியாமல் போயிருக்கும். இதை நான் ஒரு வீட்டில் இல்லை, பல வீடுகளில் பார்த்தேன்.

அங் மோ கியோவில் ஒரு தம்பதி. ஹால் திரைச்சீலை இரண்டு துண்டு. அம்மா இடது பக்கத்துத் துண்டைக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் ஐயா வந்து வலது பக்கத்தைக் கழற்றிக்கொண்டார். ஒற்றைத் திரையை வைத்து இருவரும் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை வீடு பார்க்க வந்தவர் உள்ளே நுழைந்ததும், "நல்ல வெளிச்சமான ஹாலா இருக்கே" என்றார். வீடு விற்றுவிட்டது.

அவர்கிட்ட சொல்லுங்க

உட்லண்ட்ஸ் வீட்டுக்காரர்கள் முரளியும் நிர்மலாவும். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. முரளி செம்பவாங் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். எட்டு மாதத்துக்கு முன்பே வெளியேறி, அங்கேயே ஒரு வாடகை அறையில் இருந்தார். நிர்மலா ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. மகளோடு அந்த வீட்டிலேயே இருந்தாள். மகளுக்கு ஆறாம் வகுப்பு, தொடக்கப்பள்ளியை முடிக்கிற பெரிய பரீட்சை வருடம்.

முதல் நாள் எந்தச் சாமான் யாருக்கு என்று எழுதிக்கொள்ள உட்கார்ந்தோம். ஒரே மேசை. இருவருக்கும் நடுவில் நான். இருவரும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"அக்கா, அவங்ககிட்ட சொல்லுங்க. வாஷிங் மிஷின் நான் வாங்குனது."

"அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க. துவைச்சது நானு."

"சரி, வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க. அதுல தண்ணி ஒழுகுது."

"ஒழுகுதுன்னு ரெண்டு வருஷமா நான் சொன்னப்ப காதுல விழல. இப்ப விழுதான்னு கேளுங்க."

நான் தாளில், வாஷிங் மிஷின், ஒழுகும், நிர்மலா என்று எழுதினேன்.

எல்லாம் முடிந்து எழுந்தபோதுதான் நிர்மலா அதைச் சொன்னாள். "அக்கா, ஆளுங்க வரும்போது எதை வேணா நகர்த்திக்குங்க. சாமி மேடைய மட்டும் தொடாதீங்க."

ஹால் மூலையில் மரத்தில் செய்த சின்ன மேடை. அதையொட்டிச் சுவரில் ஒரு முருகன் படம். அதன் முன்னால் அவள் தாய்வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்த காமாட்சி விளக்கு. படத்தின் மேல் காய்ந்த மாலை ஒன்று, நார் மட்டும் மிச்சமாக. விளக்கு ஏற்றிப் பல மாதம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதில்லை என்பதுதானே என் பழக்கம்.

ஆனி முடிவதற்குள்

நிர்மலாவுக்கு எதிர் பிளாக்கில் மூன்றாவது மாடியில் வாங்குவதற்கு ஒரு சின்ன வீடு அமைந்திருந்தது. பள்ளிக்கூடம் அங்கிருந்து சாலையைக் கடந்தால் போதும். வீட்டுக்காரர் ஒரு சீனப் பெரியவர். ஆனி மாதம் முடியும்வரை காத்திருக்கிறேன், அதற்குள் உன் வீடு விற்றது என்று கையெழுத்தான தாளைக் காட்டு என்று சொல்லிவிட்டார். ஆனி என்பது நம் கணக்கு. அவர் சொன்ன தேதி அங்கே வந்து விழுந்தது.

அதற்குள் விற்காவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு ஜூரோங்கில் அண்ணன் வீட்டு ஹாலில் போய்ப் படுக்க வேண்டும். தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிப் பள்ளிக்கூடத்துக்கு, பரீட்சை வருடத்தில்.

விற்பதில் ஒரு சிக்கல். இங்கே அரசாங்கம் கட்டிய ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று விகிதம் உண்டு. இந்த பிளாக்கில் சீனர் விகிதம் நிறைந்திருந்தது. அதனால் இந்தியரோ மலாய்க்காரரோதான் இந்த வீட்டை வாங்க முடியும். வருகிற ஆட்கள் குறைவு.

வருகிற நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி சமையலறை எந்தத் திசை. இரண்டாவது கேள்வி, ஏன் விற்கிறார்கள்.

முதலில் வந்த குடும்பத்திடம், பிரிகிறார்கள் என்றேன். அந்த அம்மா காலைத் தூக்கி வாசற்படிக்கு வெளியே வைத்ததை நான் பார்த்தேன். அடுத்து வந்த தம்பதியிடம் அது சொந்த விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த ஐயா சாமி மேடையையும் அந்த நாரையும் பார்த்துவிட்டு, "இங்க சாமி குடியிருந்த மாதிரியே தெரியலையேம்மா" என்று மனைவியிடம் சொன்னார். லிஃப்ட் வருகிறவரைகூட நிற்காமல் படியில் இறங்கிப் போனார்கள். ஒன்பது மாடி.

அடுத்த வெள்ளிக்கிழமை தேக்காவில் இறங்கி ஒரு முழம் மல்லிகையும், கட்டுத் திரியும், ஒரு சின்னப் புட்டி தீப எண்ணெயும் வாங்கினேன். நிர்மலா வேலையிலிருந்து எட்டு மணிக்குத்தான் வருவாள்; மகள் அதுவரை டியூஷனில். சாவி என்னிடம் இருந்தது.

ஆறு மணிக்கு வந்தவர்

விளக்கை ஏற்றும்போது நான் கும்பிடத்தான் செய்தேன். முருகா, இந்தப் பெண்ணுக்கு ஒரு வழி காட்டு என்றுதான் வேண்டினேன். அதில் பொய் இல்லை.

வந்தவர் பெயர் பார்வதியம்மா. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மகனும் மருமகளும் வாங்குவதற்கு முன்னால், தான் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று தனியாக வந்திருந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றார். சுடர் அசையாமல் நின்றது. மல்லிகை வாசம் ஹால் முழுக்க இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏன் விற்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

கேட்காதவரிடம் நானாகச் சொன்னேன். "இந்த வீட்ல விளக்கு நின்னதே இல்லம்மா."

"அது தெரியுதே. பாத்தாலே தெரியுது" என்றார்.

அவர் போனபிறகு பூவால் விளக்கை மலையேற்றி, எண்ணெயைத் துடைத்து, நாரையும் பழைய மாதிரியே போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளி மகனையும் மருமகளையும் கூட்டி வந்தார். அப்போதும் ஏற்றினேன். அன்றே, வீட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருக்க முன்பணம் கட்டினார்கள். அதிலிருந்து மூன்று வாரத்துக்குள், வாங்குகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்று வாரம் ஆனிக்குள்ளேயே முடிந்தது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பேருந்து ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுக் கேட்டார்.

"சாமிக்கு ஏத்துனியா, வியாபாரத்துக்கு ஏத்துனியா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும்னா வியாபாரத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

முருங்கைக்கீரைக் கடையில்

இரண்டாவது வாரம். ஞாயிறு காலை தேக்கா ஈரச்சந்தையில் கீரைக்கடை முன்னால் பார்வதியம்மாவைப் பார்த்தேன். முருங்கைக்கீரையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது.

"ஏம்மா, உன்னையே நெனச்சேன். அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. சாவி குடுக்குற அன்னிக்கு அவ கையால வெளக்கு ஏத்தணும். அந்தச் சுடர்ல இருந்து என் மருமக தன் வெளக்க ஏத்திக்கட்டும். வாழ்ந்த வீட்டுச் சுடரு. புருஷனும் பொண்டாட்டியுமா நின்னு எடுத்துக் குடுக்கச் சொல்லு. சேல எடுத்து வெச்சிருக்கேன் அவளுக்கு."

முரளியையும் நிர்மலாவையும் அந்த மேடைக்கு முன்னால் சேர்த்து நிறுத்துவதை நினைத்துப் பார்த்தேன். அங்கேயே, கீரைக்காரர் காதில் விழ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிரிகிறார்கள் என்றேன். விளக்கு ஏற்றியது நான் என்றேன்.

பார்வதியம்மா என் கையை விட்டார்.

"எத்தன நாளு ஏத்துன?"

"ரெண்டு வெள்ளிக்கிழமைம்மா."

"வெள்ளிக்கிழம. சாமி முன்னால நின்னுக்கிட்டு."

"ஆமாம்மா."

கீரைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, கீர வேணுமா வேணாமா?"

"ரெண்டு கட்டு போடு" என்றார் அவரிடம். என்னிடம், "என் மகன்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு மீன் பக்கமாகப் போய்விட்டார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, அங்கிருந்து நிர்மலா வீட்டுக்குப் போனேன்.

என்னைக் கேட்டீங்களா

நிர்மலா மகளின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் கீழே டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் முழுதும் சொல்லி முடிக்கும்வரை அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"வெளக்கு ஏத்துனது எனக்குத் தெரியும்" என்றாள். "எங்க வீட்ல நல்லெண்ணெய்தான். நீங்க ஊத்துனது வேற வாசன. அன்னிக்கே தெரிஞ்சுச்சு. வித்தா போதும்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது என் தப்பு. அத விடுங்க."

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆனா பொய் சொன்னதும் நீங்க. போய் உண்மைய ஒப்பிச்சதும் நீங்க. ரெண்டுக்கும் நடுவுல நானுன்னு ஒருத்தி இருக்கேனே, என்னைக் கேட்டீங்களா அக்கா? உங்க மனசு சுத்தமாயிருச்சு. எனக்கு வீடு போச்சு."

என் நெற்றியில் அப்போதுதான் கோயிலில் வைத்த விபூதி இருந்தது. அதை அவள் பார்ப்பதையும் பார்த்தேன்.

எழுந்து வாசல்வரை வந்தவள் திரும்பி, இத்தனை வருடம் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "ஏம்மா வெளக்கு ஏத்துறத நிறுத்திட்ட?"

"எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்த இல்ல."

முரளியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் தாடையால் காட்டியது முருகன் படத்தை.

"கல்யாணத்துல இருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஏத்துனேன். ஒரு வார்த்த சொல்லல. நானும் நிறுத்திட்டேன்."

வார்ட்ரோப் அளந்த மருமகள்

ஐந்து நாள் எந்தச் செய்தியும் இல்லை. சீனப் பெரியவர் நிர்மலாவுக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார். நான் வேறு ஆட்களைத் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த ஐந்து நாளும் என் வீட்டு விளக்கை ஏற்றும்போது என் கணவர் என்னைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் காட்டிய தயவு.

ஆறாம் நாள் போனில் பார்வதியம்மாவின் மருமகள். பிரியா என்று பெயர்.

"ஆன்ட்டி, நீங்க அத்தைகிட்ட என்ன சொன்னீங்க? வீடே வேணாங்குறாங்க."

சொன்னேன்.

"ஓ, டிவோர்ஸா? அவ்ளோதானா?" என்றாள். "நான் ஏதோ சீலிங் ஒழுகுதுன்னு நெனச்சேன். ஆன்ட்டி, அங்கருந்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் ஏழு நிமிஷம். நான் வார்ட்ரோப்புக்கு அளவே எடுத்துட்டேன். டிவோர்ஸ் ஆகாத வீடாத்தான் வேணும்னா நாங்க காட்டுலதான் போய் இருக்கணும் லா."

"உங்க அத்தை..."

"அத்தைய நான் பாத்துக்கறேன். ஒரு கணபதி ஹோமம், ஆடியில சாவி வாங்கக் கூடாது. அவ்ளோதான் டீல். கையெழுத்து செவ்வாய்க்கிழமை போடலாமா? வேணாம், செவ்வாய்னா அதுக்கு ஒரு சண்டை வரும். புதன்."

புதன்கிழமை கையெழுத்தானது. ஆனி முடிய மூன்று நாள் இருந்தது. நிர்மலாவுக்கு எதிர் பிளாக் வீடு நின்றது. என் விளக்காலும் இல்லை, என் உண்மையாலும் இல்லை. ஒரு பெண்ணின் வார்ட்ரோப் அளவால்.

இருவருக்கும் ஒரே செய்தியாக அனுப்பினேன். முரளி நன்றி அக்கா என்று எழுதினார். நிர்மலா எதுவும் எழுதவில்லை.

அதன்பிறகு விற்கிற வீடு எதிலும் நான் விளக்கைத் தொட்டதில்லை. பல்பு மட்டும் மாற்றுகிறேன்.

ஆவணியில் ஒரு காலை

சாவி கொடுக்கிற நாள். பார்வதியம்மா குடும்பம் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. சேலை பற்றி அவர் அதன்பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வீடு காலி. நடந்தால் சத்தம் திரும்பி வந்தது. முரளி தன் சாவியைக் கொடுக்க வந்து வாசலிலேயே நின்றார். நிர்மலா சாமி மேடைக்கு முன்னால் இருந்தாள். விளக்கைக் காகிதத்தால் அழுத்தித் துடைத்தாள். குழிக்குள் விரலை விட்டு, நான் விட்ட எண்ணெயின் கடைசிப் பசையையும் எடுத்தாள். ஒரு துண்டை விரித்து அதில் வைத்தாள்.

பிறகு முருகன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். அன்று காலையிலிருந்து என்னோடு பேசாதவள் பேசினாள்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க."

வாசலில் முரளி தலையைத் தூக்கினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது வீட்ல எடம் கொஞ்சம். சமையக்கட்டு ஓரத்துலதான் இருக்கணும். இஷ்டம்னா வரச் சொல்லுங்க."

இது என் வேலை. எத்தனையோ வீட்டில் செய்திருக்கிறேன். படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"முருகா, சமையக்கட்டு ஓரந்தானாம். சம்மதமா?"

கீழே ஒரு பேருந்து நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது.

"என்ன சொல்றாரு?" என்றாள் நிர்மலா.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"அது வழக்கம்தான்" என்று சொல்லி, படத்தை விளக்கோடு சேர்த்துத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள்.